14 வயதுக்குட்பட்டோர் கிண்ணமும் நம் பிள்ளைகளின் முழங்கால்களும்



நீண்ட பதிவு. கழக நிர்வாகிகளும், பயிற்றுவிப்பாளர்களும், 14, 16 வயதுப் பிரிவுகளில் பிள்ளை விளையாடும் வாப்பாமாரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், சந்தியில் கண்டால் நேரிலும் கேளுங்கள். வாசித்துவிட்டுக் கேட்டால் போதும்.

கடந்த கிழமை நமதூர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு அறிவித்தல் சுற்றியது. 14 வயதுக்குட்பட்டோருக்கான, அணிக்கு 7 பேர் கொண்ட மின்னொளி உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. 32 அணிகள், விலகல் முறை, இரண்டே இரவுகள். இறுதிப் போட்டி வரை வரும் அணி இரண்டு இரவில் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். முதல் ஆட்டம் இஷாவுக்குப் பிறகு ஆரம்பம். கடைசி ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று அறிவித்தலில் இல்லை. கட்டாரில் இருக்கும் சகோதரர்கள் கிண்ணத்துக்கும் ஜேர்ஸிக்கும் அனுசரணை. மாஷா அல்லாஹ், நல்ல மனசு. ஆனால் நூற்றுக்கணக்கான விருப்பங்களுக்கும் வாழ்த்துகளுக்கும் நடுவில் ஒருவராவது கேட்கவில்லை: இந்தப் பிள்ளைகள் அதே கிழமையில் வேறு எங்கெங்கே, எத்தனை மணித்தியாலம் ஓடியிருப்பார்கள்?

நான் கேட்டேன். எட்டாம் தரத்தில் என்னிடம் விஞ்ஞானம் படிக்கும் ஒரு மாணவன். வயது 13. அவனை மேசையில் இருத்தி, ஒரு தாளில் அவனது கிழமையை எழுத வைத்தேன்.

செவ்வாயும் வியாழனும் பாடசாலை அணி. இரண்டு மணி வெயிலில் ஆரம்பித்து நான்கு மணி வரை. அது 4 மணித்தியாலம். திங்கள் முதல் வெள்ளி வரை அஸருக்குப் பின் கழகப் பயிற்சி, மஃரிப் அதான் சொல்லும் வரை, ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம். அது ஏழரை. சனி காலை பக்கத்து ஊரில் உள்ள அக்கடமி, 3 மணித்தியாலம். ஞாயிறு ஏதாவது ஒரு சுற்றுப்போட்டி, மூன்று ஆட்டமோ நான்கு ஆட்டமோ, குறைந்தது 3 மணித்தியாலம். மொத்தம் பதினேழரை. செவ்வாயையும் வியாழனையும் பாருங்கள்: பாடசாலைப் பயிற்சி முடிந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கழகப் பயிற்சிக்குப் போகிறான். ஏழு நாளில் ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை.

இதில் மூன்று பயிற்றுவிப்பாளர்கள் இருக்கிறார்கள். மூவரும் நல்லவர்கள், பிள்ளைகள் மீது அன்பு கொண்டவர்கள். மூவரிடமும் தனித்தனியே கேட்டால், "நான் அவ்வளவு கூடக் கொடுக்கவில்லை சேர்" என்பார்கள். மூவர் சொல்வதும் உண்மைதான். கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. ஒரு பிள்ளை, மூன்று ஜேர்ஸி, ஒரே சோடி முழங்கால்.

இதற்கு ஏதும் அளவுகோல் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சியில் ஒரு பிள்ளை கிழமைக்குச் செலவிடும் மணித்தியாலம் அவனது வயதைத் தாண்டினால், அதிக உபயோகத்தால் வரும் கடுமையான காயங்களுக்கு வாய்ப்பு கூடுகிறது என்று காட்டியது. 13 வயதென்றால் 13 மணித்தியாலம் மேல் எல்லை. நம் பிள்ளை பதினேழரையில் நிற்கிறான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் பல வருடங்களாகச் சொல்லி வருவது, கிழமையில் ஒன்றிலிருந்து இரண்டு நாள் முழு ஓய்வு, வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்தே விலகி இருத்தல். நமதூரில் அந்த இரண்டு மாதமும் எங்கே? ரமழான் விடுமுறையிலாவது ஓய்வா என்றால், தராவீஹ் முடிந்து ஸஹர் வரை மின்னொளிப் போட்டி. பகலில் நோன்பு, இரவில் விலகல் முறை!

இனி உடம்பின் கணக்கு. இதைத் தெரியாமல் மேலே சொன்னதெல்லாம் வெறும் மணித்தியாலக் கணக்காகத்தான் தெரியும்.

ஆண் பிள்ளை சராசரியாக 14 வயதை ஒட்டி மிக வேகமாக உயர்கிறான். அதற்கு முன் வருடத்துக்கு 5 சென்ரிமீற்றர் அளவில் வளர்ந்தவன், அந்த ஒரு வருடத்தில் 9, 10 சென்ரிமீற்றர் வளர்வான். சிலர் அதற்கும் மேல். சராசரிதான் 14. ஒருவனுக்கு 12இல் வரும், இன்னொருவனுக்கு 16இல் வரும், இரண்டும் இயல்பே. எல்லா இடமும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. முதலில் பாதம், பிறகு கால், கடைசியில் உடம்பு. ஆறு மாதத்தில் இரண்டு தடவை சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன் என்று ஒரு வாப்பா புலம்பினால், அது காசுக் கணக்கு மட்டுமல்ல. வளர்ச்சி வேகமெடுக்கப் போகிறது என்று அந்தப் பாதம் முன்கூட்டியே சொல்கிறது.

எலும்பு நீள்வது அதன் நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளில். அது குருத்தெலும்பு, முற்றிய எலும்பைவிட மென்மையானது. எலும்பு முதலில் நீள்கிறது, தசையின் பருமனும் பலமும் பல மாதங்கள் கழித்துத்தான் வந்து சேர்கின்றன. எலும்பின் அடர்த்தியும் நீளத்துக்குப் பின்னால்தான் வருகிறது. இந்த இடைவெளியில் பிள்ளையின் கால் நீளமான நெம்புகோல், அதை இழுக்கும் தசையோ இன்னும் சிறுபிள்ளையினது. நேற்று வரை அழகாகப் பந்தை எடுத்தவன் திடீரென்று தடுமாறுவான், தன் காலே தனக்கு அன்னியமானது போல் ஓடுவான். அதைப் பார்த்து மைதானத்தின் ஓரத்தில் நின்று "சோம்பேறி" என்று கத்துகிறோம்.

தொடையின் முன்தசை முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பின் ஒரு மேட்டில் வந்து பிடிக்கிறது. வளரும் வயதில் அந்த மேடு இன்னும் குருத்தெலும்புதான். ஒவ்வொரு உதையும், ஒவ்வொரு பாய்ச்சலும், ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் அதை இழுக்கிறது. ஒரு நாளில் நூறு தடவை இழுத்தால் உடம்பு இரவில் அதைச் சரிசெய்துகொள்ளும். ஏழு நாளும் இழுத்தால் சரிசெய்ய நேரமில்லை. மேடு வீங்கும், தொட்டால் வலிக்கும். மருத்துவர்கள் இதை ஒஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். குதிகாலில் இதே மாதிரி வருவது சேவர்ஸ், அது கொஞ்சம் இளைய பிள்ளைகளில், ஒன்பது பத்து வயதிலேயே காணலாம். 15, 16இல் இடுப்பு எலும்பின் ஓரத்தைத் தசை பிய்த்துக்கொண்டு வருவதும், முதுகின் கீழ் முள்ளெலும்பில் மெல்லிய வெடிப்பு விழுவதும் உண்டு. ஐரோப்பிய கழகங்களின் அக்கடமிகளில் வருடக்கணக்காகப் பதிவு வைத்துப் பார்த்தபோது, காயங்கள் கூடிக் குவிவது இந்த வேக வளர்ச்சிக் காலத்தைச் சுற்றித்தான் என்று தெரிந்தது. அங்கே மைதானம் புல். நமக்கு மணலும் கட்டாந்தரையும்.

நான் மேலே சொன்ன மாணவனின் முழங்கால் விஷயம் எனக்கு எப்படித் தெரியவந்தது தெரியுமா? விளையாட்டில் அல்ல. பாடசாலையில் ளுஹர் தொழுகையில். சுஜூதுக்குப் போகும்போது வலது முழங்காலைத் தரையில் வைக்காமல், இடதில் பாரத்தைப் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினான். எழும்பும்போதும் அப்படியே. விசாரித்தால் நான்கு மாதமாக வலியாம். கழகத்தில் சொல்லியிருக்கிறான். "வளர்ற வயசுல அப்படித்தான், ஓடினா விட்டுடும்" என்று பதில். வீட்டில் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள், அந்த வீங்கிய மேட்டின் மேலேயே! சுற்றுப்போட்டி நாட்களில் ஸ்பிரே அடித்து, பனடோல் கொடுத்து இறக்கியிருக்கிறார்கள். கடைசியில் ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனபோது வைத்தியர் சொன்னது: இது தானாக மாறும், ஆனால் பாரத்தைக் குறைத்தால்தான் மாறும். பிள்ளை வைத்தியரிடம் கேட்ட ஒரே கேள்வி, "மின்னொளிப் போட்டி விளையாடலாமா?" என்பது.

வாப்பாமாரே, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிள்ளை தொழும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முழங்காலைத் தரையில் வைக்க யோசிக்கிறானா, அத்தஹிய்யாத்தில் காலை மடித்து இருக்கக் கஷ்டப்படுகிறானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் எனக்கு வழக்கமாக வரும் பதில்: "நாங்க விளையாடின காலத்துல இதெல்லாம் இருந்ததா சேர்? காலைல இருந்து மஃரிப் வரைக்கும் வெறுங்காலோட விளையாடினோம், ஒன்றும் ஆகல்லையே." உண்மை, நானும் அந்தத் தலைமுறைதான். ஆனால் நாம் விளையாடியது எப்படி? களைத்தால் கரையில் குந்தினோம். வலித்தால் கோல் காப்பாளனாக நின்றோம். பசித்தால் வீட்டுக்குப் போனோம். ஒரு கிழமை கிரிக்கெட், ஒரு கிழமை கிளித்தட்டு, மழை வந்தால் குளத்தில் நீச்சல். நம்மை யாரும் விசில் ஊதி இன்னும் பத்துச் சுற்று ஓட வைக்கவில்லை. நிறுத்தும் உரிமை நம் கையில் இருந்தது. மேலே சொன்ன அதே அமெரிக்க ஆய்வில், சுதந்திர விளையாட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒழுங்குபடுத்திய பயிற்சியில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் காயம் கூட என்பதும் வந்தது. நம் பிள்ளைகளுக்கு இன்று சுதந்திர விளையாட்டு என்பதே மிஞ்சவில்லை. கோச்சிடம் ஆறு நாள், ரியூசனில் ஆறு இரவு. இன்னொன்று: "எங்களுக்கு ஒன்றும் ஆகல்லையே" என்று சொல்ல இன்று மைதானத்துக்கு வருகிறவர்கள், ஒன்றும் ஆகாதவர்கள். ஆனவர்கள் வரமாட்டார்கள். அவர்கள் கடையில் ஸ்டூலில் இருக்கிறார்கள், படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

தூக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரியூசன் முடிந்து ஒன்பதரைக்கு வீடு, சாப்பிட்டு, கைப்பேசி பார்த்து, படுக்கப் பதினொன்றரை. ஐந்து மணிக்கு சுபஹுக்கு எழும்ப வேண்டும். அந்த வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணித்தியாலம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 8 மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கிய மாணவ வீரர்களுக்குக் காயமடையும் வாய்ப்பு 1.7 மடங்கு. சுபஹ் பிந்தாது. ஆகவே பிந்தக் கூடாதது படுக்கை. ரியூசன் நடத்தும் என் சக ஆசிரியர்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இதுவரை பேசியது அணியில் இருக்கும் பிள்ளையைப் பற்றி. அணியிலிருந்து கழிக்கப்படும் பிள்ளையின் கதை இதைவிட மோசம்.

14 வயதுக்குட்பட்டோர் தெரிவு நடக்கும் நாளில் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் எல்லோரும் ஒரே பிரிவு. உடம்பில் ஒருவன் ஆண், இன்னொருவன் குழந்தை. ஒரே வயதுடைய 13 வயதுப் பையன்களின் எலும்பு முதிர்ச்சியில் நான்கு, ஐந்து வருட வித்தியாசம் இருப்பது சாதாரணம். இதோடு ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு வருடம். இவர்களை ஒன்றாக விட்டு, யார் பந்தை வெல்கிறான் என்று பார்த்தால், மீசை அரும்பியவன் வெல்வான். அவனை எடுக்கிறோம். சின்னவனிடம் "வளர்ந்திட்டு வா" என்கிறோம். ஆனால் வளர்ந்த பிறகு அவனைத் தேடிப் போய்க் கூப்பிட்டவர் யார்?

இஸ்லாமியர்களான நமக்கு இது புரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம். பருவமடைதல் எல்லோருக்கும் ஒரே வயதில் வராது என்பதை நம் ஃபிக்ஹ் நூல்கள் எப்போதோ சொல்லிவிட்டன. ஷாபிஈ மத்ஹபில் ஒன்பது சந்திர வருடத்திலிருந்தே அடையாளம் தோன்றலாம், தோன்றாவிட்டால் பதினைந்தில் பருவமடைந்தவனாகக் கொள்ளப்படும். ஆறு வருட இடைவெளி! தொழுகை எப்போது கடமையாகும் என்று பார்க்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் உடம்பையும் தனியாகப் பார்க்கிற நாம், பந்து விளையாட்டில் மட்டும் பிறந்த வருடத்தைப் பார்த்து ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். உஹதுக்கு முன்வந்த இப்னு உமர் (ரழி) அவர்களுக்கு அப்போது வயது 14. நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப் போரின்போது 15, அனுமதித்தார்கள். வந்தவரைக் கழித்துவிடவில்லை, காலம் தாழ்த்தினார்கள். நாம் செய்வது கழிப்பது.

உலகத்தில் இந்தக் கழிப்பு எத்தனை பேரை இழக்க இருந்தது என்று பாருங்கள். ஜேமி வார்டியை 16 வயதில் உடம்பு சிறிது என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழகம் விட்டுவிட்டது. 2016இல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் கிண்ணம் தூக்கினார். அந்துவான் கிரீஸ்மனைப் பிரெஞ்சுக் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின, 14 வயதில் ஸ்பெயினின் ரியல் சொசியடாட்டுக்குப் போனார், 2018இல் பிரான்ஸுக்கு உலகக் கிண்ணம். இவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள், விதிவிலக்குகள். ஒருவரும் தப்பக் கூடாதென்றால் முறையை மாற்ற வேண்டும் என்று சில நாடுகள் புரிந்துகொண்டன. பெல்ஜியம் சிறிய நாடு. பிந்தி வளரும் பிள்ளைகளுக்கென்றே தேசிய மட்டத்தில் தனி அணி வைத்தார்கள். இங்கிலாந்தில் 2015 முதல் பிரீமியர் லீக் அக்கடமிகள் சில போட்டிகளை வயதுப்படி அல்லாமல் உடல் முதிர்ச்சிப்படி பிரித்து நடத்திப் பார்க்கின்றன. அதில் ஒரு சுவையான விஷயம்: முந்தி வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது நல்லது. எல்லோரும் தன் உடம்புக்குச் சமமாக இருக்கும்போது தள்ளி வெல்ல முடியாது, யோசிக்க வேண்டி வருகிறது.

நம்மிடம் தள்ளி வென்றவர்களின் கதி என்ன? பாடசாலை அலுவலகச் சுவரில் தொங்கும் பழைய 14 வயதுச் சம்பியன் அணிகளின் படங்களைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்திய ஒரு படத்தை எடுத்து, அதில் நிற்கிறவர்களில் 20 வயதில் யார் யார் விளையாடினார்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். 14இல் உடம்பால் வென்றவனுக்கு 17இல் மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும் கையில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அந்த மூன்று வருடமும் அவனுக்கு யாரும் பந்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஓடச் சொன்னார்கள், அடிக்கச் சொன்னார்கள், ஓடினான், அடித்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மீசை முளைத்தவனெல்லாம் வயதைக் குறைத்தவன் அல்ல. எதிரணி ஒவ்வொரு போட்டியிலும் இந்தச் சண்டையைக் கிளப்பி, பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பிள்ளையைக் கள்ளன் ஆக்குகிறது. பொய்ச் சான்றிதழ் நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. உலக மட்டத்திலேயே அதற்காகத்தான் ஃபிஃபா 2009இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கத் தொடங்கியது. ஆனால் பார்வையால் வயது தீர்மானிக்கும் வேலை சந்தியில் நிற்கிறவர்களுக்கு உரியதல்ல.

இனி எல்லோரும் கடைசியாக வைக்கும் வாதத்துக்கு வருகிறேன், இது பாரதூரமான வாதம், ஒதுக்கிவிட முடியாது. "ஐஸ் ஊருக்குள்ள வந்திட்டு சேர். பொடியன்மார் மைதானத்தில நிக்கிற நேரம் சந்தில நிக்க மாட்டாங்க. நீங்க வேற பயிற்சியைக் குறைக்கச் சொல்றீங்க." போதைப்பொருள் எத்தனை வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்பது வகுப்பறையில் நிற்கிற எனக்குத் தெரியும். ஆகவே இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன், ஏற்றுத்தான் கேட்கிறேன்: மைதானம் போதையிலிருந்து காக்கும் என்றால், தெரிவில் விழுந்த சின்னப் பையனை மைதானத்திலிருந்து ஏன் துரத்தினீர்கள்? 40 பேர் வந்தால் 14 பேரை எடுத்து, 26 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த 14 பேரை ஏழு நாளும் ஓட்டுவதுதான் ஊரைக் காக்கும் திட்டமா? அந்த 26 பேர் அஸருக்குப் பின் எங்கே நிற்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முழங்கால் உடைந்து 16இல் விலகியவனும் அங்கேதான் போய்ச் சேர்கிறான், அவனுக்குக் கோபமும் சேர்ந்திருக்கும். 14 பேருக்கு ஏழு நாள் என்பதை 40 பேருக்கு மூன்று நாள் ஆக்குங்கள். மைதானம் அதே மைதானம், செலவும் அதே செலவு.

(பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு விளையாட்டே இல்லை. அது வேறு பதிவு, அதற்கும் திட்டு வாங்கத் தயார்.)

இதற்கெல்லாம் பணம் வேண்டும், விளையாட்டு மருத்துவர் வேண்டும், சம்மேளனம் செய்ய வேண்டும் என்று சொல்லாதீர்கள். இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை ஃபிஃபாவின் தடையில் கிடந்ததைப் பார்த்தோம். அவர்கள் வந்து நம் பிள்ளையின் முழங்காலைப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தால் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்துவிடும். சுகாதாரத் திணைக்களத்தின் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் உயரம் அளப்பது தரம் 7இல், அடுத்து தரம் 10இல். பிள்ளை பாய்ந்து வளரும் அந்த இரண்டு வருடமும் இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகிறது.

தேவை ஓர் அளவு நாடாவும் ஒரு கொப்பியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே ஆள், ஒரே நேரத்தில், சப்பாத்தில்லாமல் சுவரோடு நிறுத்தி அளக்க வேண்டும். மூன்று மாதத்தில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் போனவனின் பெயரில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி இருக்கும் வரை அவனுக்குப் பாய்ச்சலும் மலையேற்ற ஓட்டமும் நீண்ட உதைப் பயிற்சியும் குறைவு. பந்துத் தொடுகை, பார்வை, கடத்தல், சமநிலை கூட. ஒரே நாளில் இரண்டு பயிற்சி இல்லை. அவனை அணியிலிருந்து நீக்கச் சொல்லவில்லை, அவனது கிழமையை மாற்றச் சொல்கிறேன். பயிற்சிக்கு முன் ஃபிஃபா 11 பிளஸ் என்ற இருபது நிமிட உடற்தயார்ப் பயிற்சி இருக்கிறது, இணையத்தில் இலவசம், கருவி ஒன்றும் வேண்டாம். அதன் சிறுவர் வடிவத்தை நான்கு ஐரோப்பிய நாடுகளில் 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் பரீட்சித்தபோது காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நமதூரில் உடற்தயார்ப் பயிற்சி என்றால் மைதானத்தை நான்கு சுற்று.

பாடசாலை, கழகம், அக்கடமி மூன்றுக்கும் ஒரு வட்ஸ்அப் குழுமம் போடுங்கள். எதற்கெல்லாமோ குழுமம் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் எத்தனை நிமிடம், பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு அவன் கொடுக்கும் புள்ளி, இரண்டையும் பெருக்கிப் போட்டால் போதும். தொழில்முறைக் கழகங்கள் பலவும் செய்வது இதைத்தான். 90 நிமிடம், கஷ்டம் 7 என்றால் 630. ஒரு பிள்ளையின் கிழமைக் கணக்கு திடீரென்று ஒன்றரை மடங்கானால், யாராவது ஒரு கோச் "இந்தக் கிழமை நான் விடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் கோச்தான் எனக்குப் பெரிய கோச்.

மின்னொளிப் போட்டி ஏற்பாட்டாளர்களே, போட்டியை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. 32 அணிகளை நான்கு வெள்ளி, சனிகளுக்குப் பரப்புங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் ஓர் ஆட்டத்துக்கு மேல் வேண்டாம். மாலை ஆட்டம், இஷாவோடு முடிவு. அனுசரணை தரும் சகோதரர்களே, கிண்ணத்தின் உயரத்தை ஓர் அடி குறைத்து, மிச்சக் காசில் 26 பேருக்கும் பந்து வாங்கிக் கொடுங்கள். "விஞ்ஞான வாத்திக்கு ஃபுட்போல் பற்றி என்ன தெரியும்" என்று ஒரு குரல் பதிவு சுற்றியதைக் கேட்டேன். ஒன்றும் தெரியாது, நான் கோச் அல்ல. எலும்பு பற்றிக் கொஞ்சம் தெரியும், அது தரம் 8, 9 பாடப் புத்தக அளவுதான்.

வரும் வெள்ளி அஸருக்குப் பின், மைதானத்தின் தண்ணீர்த் தாங்கிச் சுவரில் அளவு நாடா ஒட்டியிருக்கும். கொப்பியோடு நான் நிற்பேன், நமதூர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். 11 முதல் 16 வயது வரை எந்தப் பிள்ளையும் வரலாம், அணியில் இருப்பவனும், கழிக்கப்பட்டவனும். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி கொண்டு வாருங்கள், வீட்டில் பழைய சுகாதாரப் பதிவேடு இருந்தால் அதையும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே மேடு வீங்கியிருப்பவர்கள் முதலில் வாருங்கள்.